படகில் இடம் தருவோமா?

விழா மேடை என்று ஒன்று அமைந்துவிட்டால் நமக்குக் கப்பல் இல்லாமல் பேச வராது. கடாரம் கொண்டான் கட்டாயம் வருவான். வங்கம், நாவாய், மரக்கலம் என்று சொற்கள் வரிசை கட்டி வரும். இதில் நான் மட்டும் விதிவிலக்கல்ல. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு படிக்கும்போது இதே தலைப்பில் கையை நீட்டி முழங்கிப் பேச்சுப் போட்டியில் கோப்பை வாங்கியவன்தான்.

அன்று நடுவர்களில் ஒருவராவது என்னை நிறுத்தி, "தம்பி, அந்தக் கப்பலில் போனவன் எங்கே படுத்தான்? என்ன சாப்பிட்டான்? மேகம் மூடி நட்சத்திரம் மறைந்தால் திசையை எப்படிக் கண்டான்? இதையெல்லாம் யாரிடம் கற்றான்?" என்று கேட்டிருந்தால் நான் திருதிருவென விழித்திருப்பேன். இன்றும் விழிக்கத்தான் செய்வேன். மன்னன் பெயர் கல்லில் இருக்கிறது. மீகாமன் என்ற சொல் அகராதியில் இருக்கிறது. ஆனால் அந்த மீகாமன் தன் தொழிலை யாருக்குச் சொல்லிக் கொடுத்தான், அது எந்தத் தலைமுறையில் நின்று போனது என்று எண்ணிப் பார்க்கும் பழக்கம் நமக்கில்லை.

சென்ற பருவ விடுமுறையில் இதே கேள்விகளுக்கு இன்னொரு கடலில், இன்னோர் இனத்தாரிடம் விடை இருப்பதை அறிந்தேன். அவர்களும் ஒரு காலத்தில் கடலாண்டவர்கள். அவர்களும் மீகாமனை இழந்தவர்கள். ஆனால் இழந்ததைத் திரும்பப் பெற்றவர்கள். ஒரு படகின் கதை அது. அந்தப் படகைப் பற்றியும், அதை வைத்து நம் கழகத்தைப் பற்றியும் சில கருத்துகளை மனம்விட்டு எழுதுகிறேன். கசப்பாக இருந்தால் பொறுத்தருள்க.

வழி தெரியாதவர்களா?

பசிபிக் பெருங்கடலின் நடுவே ஹவாய்த் தீவுகள் உள்ளன. அங்கிருந்து தெற்கே ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர் தொலைவில் தகித்தித் தீவு. இடையில் இருப்பதெல்லாம் தண்ணீர்தான். ஆனாலும் இரு தீவு மக்களின் மொழிகளும் உறவு மொழிகள்; இருவருமே பாலினேசியர்கள். அப்படியானால் இவர்களின் முன்னோர் இத்தனை பெரிய கடலை எப்படிக் கடந்தார்கள்?

1947-இல் நார்வே நாட்டவரான தோர் ஹெயர்டால், கோன்-டிக்கி என்ற தெப்பத்தில் தென் அமெரிக்காவிலிருந்து 101 நாள் மிதந்து வந்து, பாலினேசியத் தீவுகளில் மக்கள் இப்படித்தான் காற்றோடும் நீரோட்டத்தோடும் வந்து குடியேறியிருக்க வேண்டும் என்றார். 1956-இல் ஆண்ட்ரூ ஷார்ப் என்பவர் ஒரு நூல் எழுதி, நெடுந்தொலைவுத் தீவுகளுக்கு அம்மக்கள் திட்டமிட்டுப் போய் வந்திருக்க முடியாது, தற்செயலாகத்தான் ஒதுங்கியிருப்பார்கள் என்று வாதிட்டார். சுருங்கச் சொன்னால், "உங்கள் பாட்டனுக்கு வழி தெரியாது" என்று படித்தவர்கள் எழுதினார்கள். மறுத்துச் சொல்ல ஹவாயில் சான்று காட்டுவதற்கு ஒரு படகுகூட இல்லை.

மேடை போட்டு மறுப்பதில் பயனில்லை என்று சிலர் முடிவு செய்தார்கள். 1973-இல் மானுடவியலாளர் பென் ஃபின்னி, ஓவியர் ஹெர்ப் காநே, கடலோடி டாமி ஹோம்ஸ் ஆகிய மூவரும் சேர்ந்து பாலினேசியக் கடற்பயணக் கழகத்தைத் தொடங்கினார்கள். 1975-இல் ஒரு படகு கடலில் இறங்கியது. இரண்டு நீண்ட படகுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, குறுக்கே கட்டைகளை இட்டு, மேலே தளம் அமைத்த இரட்டைப் படகு அது. நீளம் ஏறத்தாழ 62 அடி. இரண்டு பாய்மரங்கள். குறுக்குக் கட்டைகளைப் பிணைக்க ஆணி இல்லை. எல்லாம் கயிற்றுக் கட்டுதான். படகின் உடலுக்குப் பழைய காலத்துப் பெருமரங்கள் கிடைக்காததால் ஒட்டுப்பலகையும் கண்ணாடி இழையும் பயன்படுத்தினார்கள். ஆனால் வடிவமும் ஓட்டும் முறையும் பழையவை.

அதற்கு அவர்கள் வைத்த பெயர் ஹோக்குலேயா. மகிழ்ச்சி விண்மீன் என்று பொருள். அந்த விண்மீன் வேறெதுவுமில்லை, நம் அம்மாக்கள் ஜாதகக் கட்டில் பார்க்கும் சுவாதி நட்சத்திரமேதான்! ஹவாய்த் தீவுகளில் நின்றால் சுவாதி ஏறத்தாழ நேர் உச்சியில் கடந்து போகும். ஆகவே தெற்கிலிருந்து திரும்பி வரும் கடலோடிக்கு, சுவாதி தலைக்கு மேல் வந்துவிட்டால் ஊரின் நேர்கோட்டை எட்டிவிட்டோம் என்று தெரிந்துவிடும். நாம் பெண் பார்க்கப் பயன்படுத்தும் நட்சத்திரத்தை அவர்கள் வீடு பார்க்கப் பயன்படுத்தினார்கள்.

படகு தயாராகிவிட்டது. ஓட்டுவதற்கு ஆள்? அங்கேதான் இடித்தது. கருவியில்லாமல் ஆழ்கடலில் வழி கண்டுபிடிக்கத் தெரிந்த ஹவாயர் ஒருவர்கூட மிஞ்சவில்லை. அந்தக் கலை அங்கே பல தலைமுறைகளுக்கு முன்பே அற்றுப் போயிருந்தது.

தேடிப் பிடித்தது மேற்குப் பசிபிக்கில் உள்ள மைக்ரோனேசியாவின் சத்தாவால் என்ற குட்டித் தீவில். சில நூறு பேர் வாழும் தீவு. அங்கே மாவ் பியாலுக் என்பவர் இருந்தார். 1932-இல் பிறந்தவர். கைக்குழந்தையாக இருந்தபோதே தாத்தா அவரைக் கடலோரக் குட்டைகளில் உட்கார வைத்து நீரின் அசைவைப் பழக்கினாராம். பிறகு மணலில் கற்களை வட்டமாக அடுக்கி, நடுவில் படகு இருப்பதாகக் கொண்டு, எந்த விண்மீன் எங்கே எழும், எங்கே விழும் என்று மனப்பாடம் செய்ய வைத்தார். இளம் வயதிலேயே 'போ' என்னும் சடங்கின் வழி முழு மீகாமனாக ஏற்றுக்கொள்ளப்பட்டவர் மாவ். அவர் ஹவாயர் அல்லர். ஹவாய் மொழி அவருக்குத் தெரியாது. ஆங்கிலமும் கொஞ்சம்தான். தெற்கே தகித்திக்குப் போகும் கடலை அவர் அதற்கு முன் பார்த்ததுகூட இல்லை. அழைத்தார்கள், வந்தார்.

படகில் எப்படி வாழ்ந்தார்கள்?

1976 மே முதல் நாள் மௌயித் தீவிலிருந்து ஹோக்குலேயா புறப்பட்டது. திசைகாட்டி இல்லை. கடல் வரைபடம் இல்லை. பாதுகாப்புக்காகப் பின்னால் ஒரு துணைக் கப்பல் வந்தது. ஆனால் இருக்கும் இடத்தை இரட்டைப் படகுக்குச் சொல்லக் கூடாது என்பது விதி.

பதினைந்து பேருக்குக் குறையாத கூட்டம். அத்துடன் ஒரு நாய், ஒரு பன்றி, கோழிகள்! முன்னோர் புதுத் தீவுக்குக் குடிபோகும்போது இவற்றையும் கொண்டு போயிருப்பார்கள் அல்லவா, அவை கடலைத் தாங்குமா என்று பார்க்கத்தான். அறை கிடையாது. கீழே இரு படகுகளின் ஓரத்திலும் கித்தான் துணியால் மூடிய ஒடுக்கமான பொந்துகள்தாம் படுக்கை. கையைக் காலை நீட்டிப் புரள முடியாது. அலை அடித்தால் துணி இடுக்கு வழியே உப்புநீர் உள்ளே வரும். படுக்கை காய்வதற்குள் அடுத்த மழை வந்துவிடும். நம் விடுதியில் நான்கு பேருக்கு ஓர் அறை என்று முணுமுணுப்பவர்கள் ஒரு நிமிடம் கண்ணை மூடி இதை நினைத்துப் பார்க்கலாம்.

உலர்த்திய மீன், உலர்த்திய வாழைப்பழம், சர்க்கரைவள்ளிக் கிழங்கு, தேங்காய் என்று பெரும்பாலும் முன்னோர் உணவையே கொண்டு போனார்கள். வழியில் தூண்டிலில் மீன் சிக்கினால் அன்று விருந்து. குடிநீர் அளவோடுதான். குளிப்பது கடல்நீரில். இயற்கைக் கடனுக்குப் படகின் விளிம்புதான் இடம். யாரிடமாவது சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். இருட்டில் தவறி விழுந்தால் படகைத் திருப்பி ஆளைத் தேடிப் பிடிப்பது எளிதன்று.

வேலை என்பது முறை வைத்து நடந்தது. பிந்தைய பயணங்களில் மூன்று குழுக்களாகப் பிரிந்து, 4 மணி நேரம் வேலை, 8 மணி நேரம் ஓய்வு என்று வகுத்துக்கொண்டார்கள். ஒருவர் நீண்ட சுக்கான் துடுப்பைப் பிடிக்க வேண்டும். காற்று பலமாக இருந்தால் அதற்கே இரண்டு மூன்று பேர் வேண்டும். ஒருவர் பாயின் கயிற்றைப் பார்க்க வேண்டும். இன்னொருவர் படகுக்குள் புகும் தண்ணீரை இறைக்க வேண்டும். கட்டுக் கயிறுகள் தளர்ந்திருக்கின்றனவா என்று தடவித் தடவிப் பார்க்க வேண்டும். யாருக்கும் பார்வையாளர் இருக்கை கிடையாது.

மாவுக்கு மட்டும் ஓய்வு முறையே இல்லை. படகின் பின்பகுதியில் உட்கார்ந்துகொண்டு, கண் சிவக்கச் சிவக்க விழித்திருப்பார். கோழித் தூக்கம்தான். ஏன் தெரியுமா? கருவியில்லாத பயணத்தில், எங்கிருந்து புறப்பட்டோம், எந்தத் திசையில் எவ்வளவு வேகத்தில் எவ்வளவு நேரம் வந்தோம் என்ற கணக்கு முழுவதும் ஒருவர் தலைக்குள்தான் இருக்கிறது. தாளில் குறிப்பதில்லை. அவர் நீண்ட நேரம் தூங்கிவிட்டால் கணக்கு அறுந்துவிடும்.

இரவில் விண்மீன்கள் வழிகாட்டும். ஒரு விண்மீன் அடிவானத்தில் எந்த இடத்தில் எழுகிறதோ, ஒவ்வோர் இரவும் அதே இடத்தில்தான் எழும். அது உயரே போய்விட்டால், அதே இடத்தில் எழும் அடுத்த விண்மீனைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இப்படி இரவு முழுவதும் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவ வேண்டும். துருவ நட்சத்திரம் ஹவாயில் அடிவானத்துக்கு மேல் ஏறக்குறைய இரண்டு கைமுட்டி உயரத்தில் நிற்கும். தெற்கே போகப் போக அது நாளுக்கு நாள் தாழ்ந்துகொண்டே வந்து நிலநடுக்கோட்டருகே கடலில் மூழ்கிவிடும். மலேசியாவில் நாம் அதைக் காண்பதே அரிது. நம் வடக்கு அடிவானத்தை ஒட்டிக் கிடக்கும்.

பகலில் கதிரவன் எழும்போதும் விழும்போதும் மட்டும்தான் திசைக்கு உதவும். மற்ற நேரத்தில் அலைதான் துணை. இங்கே அலை என்பது கரையில் நாம் காணும் நுரையலை அன்று. தொலைதூரக் காற்றால் எழுந்து, நாள் கணக்கில் ஒரே திசையில் உருண்டு வரும் பெரிய நீர்மேடு. ஒரே நேரத்தில் இரண்டு மூன்று திசைகளிலிருந்து அவை வந்து படகைத் தூக்கும். எது எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதைக் கண்ணால் மட்டுமின்றி உடம்பாலும் உணர வேண்டும். கும்மிருட்டில், மேகம் மூடிய வேளையில், படகின் அடிப்பகுதியில் படுத்தபடியே அந்த ஆட்டத்தை வைத்து மாவ் திசை சொல்லிவிடுவாராம்.

நிலநடுக்கோட்டை நெருங்கியபோது காற்று செத்தது. பாய் தொங்கிப் போனது. நாள் கணக்கில் வெயிலில் வெந்துகொண்டு ஒரே இடத்தில் கிடந்தார்கள். பிறகு காற்று பிறந்தது. ஜூன் மாதத் தொடக்கத்தில், வெள்ளை நிறக் கடற்பறவைகள் தென்பட்டன. பகலில் கடலில் இரை தேடி, மாலையில் நிலத்துக்குத் திரும்பும் பறவைகள் அவை. தீவு அருகில் இருக்கிறது என்று மாவ் சொன்னார். மத்தாய்வா என்ற பவளத்தீவு கண்ணில் பட்டது. ஜூன் 4-ஆம் நாள் தகித்தியின் பாப்பேட்டே துறைமுகத்தில் படகு நுழைந்தபோது, கரையில் 17,000-க்கும் மேற்பட்ட மக்கள் கூடியிருந்தார்கள். "உங்கள் பாட்டனுக்கு வழி தெரியாது" என்ற பேச்சுக்கு அன்றே பதில் கிடைத்துவிட்டது.

சண்டையும் சாவும்

இத்தோடு கதையை முடித்தால் அது விழா மேடைப் பேச்சாகிவிடும். நடந்தது வேறு.

அந்தப் படகில் ஒற்றுமை இல்லை. காற்றில்லாமல் கிடந்த நாள்களில் புழுங்கிய கோபம் பயணம் நெடுக வளர்ந்தது. தலைமை யாருக்கு, இது ஆய்வாளர்களின் சோதனையா, ஹவாயர்களின் மானப் பிரச்சினையா என்று கூட்டம் பிளவுபட்டது. கரை சேரும் தறுவாயில் கைகலப்பு வரை போய்விட்டது. மாவ் மனம் நொந்தார். திரும்பும் பயணத்தில் அவர்களோடு வர மறுத்து, தம் தீவுக்கே போய்விட்டார். என்னைத் தேடி வராதீர்கள் என்று சொல்லி அனுப்பினாராம்.

இரண்டாண்டு கழித்து, 1978 மார்ச்சில், மாவ் இல்லாமலே மறுபடியும் தகித்திக்குப் புறப்பட்டார்கள். புறப்பட்ட இரவே மொலொக்காய்த் தீவருகே பலத்த காற்றிலும் அலையிலும் படகு கவிழ்ந்தது. கவிழ்ந்த படகைப் பற்றிக்கொண்டு எல்லாரும் தண்ணீரில் கிடந்தார்கள். எடி ஐகாவ் என்ற இளைஞர், பேர்பெற்ற அலைச்சறுக்கு வீரர், உயிர்காப்பாளர். உதவி தேடி வருகிறேன் என்று தம் அலைச்சறுக்குப் பலகையை எடுத்துக்கொண்டு கரையை நோக்கிப் புறப்பட்டார். மற்ற எல்லாரும் அன்றே மீட்கப்பட்டார்கள். எடி திரும்பவே இல்லை.

அந்தக் கழகம் அத்தோடு கலைந்திருக்கலாம். நைநோவா தாம்சன் என்ற இருபத்தைந்து வயது இளைஞர் மாவைத் தேடிப் போனார். "எனக்குக் கற்றுக் கொடுங்கள்" என்று கேட்டார். தங்களை வெறுத்துப் போனவரிடம், வராதே என்று சொன்னவரிடம் போய்க் கேட்டார்.

மாவ் செய்த 'குற்றம்'

நான் இந்தக் கட்டுரையை எழுதியதே இந்த இடத்துக்காகத்தான்.

மாவ் வந்தார்; கற்றுக் கொடுத்தார். அவருடைய மரபில் கடல் வழியறிவு கண்டவருக்கெல்லாம் சொல்லித் தருவதன்று. குடும்பத்துக்குள், சடங்கு முடித்தவருக்குள் காக்கப்பட்ட அறிவு. அதை வேற்றினத்தானுக்கு, வேற்று மொழிக்காரனுக்குத் திறந்து காட்டியதைச் சொந்த மக்களில் சிலர் குறை கூறினார்கள். ஆனால் மாவ் வேறொன்றைக் கண்டிருந்தார். தம் தீவின் பிள்ளைகள் பள்ளிக்கூடம், விசைப்படகு என்று வேறு பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள். இந்தக் கலை தம் தலைமுறையோடு முடிந்துவிடும் என்று அவர் அஞ்சினார். 'தகுதியுள்ளவன்' வரட்டும் என்று காத்திருந்தால் கல்லறைக்குத்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும். எனவே கேட்டவனுக்குக் கொடுத்தார்.

கொடுத்தாரே தவிர, எளிதாக்கிக் கொடுக்கவில்லை. இதைக் கவனியுங்கள். மாதக் கணக்கில் நைநோவாவைக் கடலோரத்தில் உட்கார வைத்து வானத்தையும் அலையையும் பார்க்க வைத்தார். கடைசியில் ஒருநாள், "தகித்தி எங்கே இருக்கிறது, கையைக் காட்டு" என்றாராம். காட்டினார். "அந்தத் தீவு உனக்குத் தெரிகிறதா?" என்றாராம். கண்ணுக்குத் தெரியாது, மனத்துக்குள் தெரிகிறது என்று நைநோவா சொன்ன பிறகுதான், அதை இழந்துவிடாதே என்று சொல்லிப் படகுக்கு அனுப்பினார்.

1980-இல் நைநோவா ஹோக்குலேயாவைத் தகித்திக்குச் செலுத்தினார். மாவ் கூடவே போனார். ஆனால் வாய் திறக்கவில்லை. பயணத்தின் இறுதிக் கட்டத்தில் ஒரு காலைப் பொழுதில் ஒரு பறவை பறந்து போனது. காலையில் பறவை நிலத்திலிருந்து கடலுக்குத்தானே போகும், ஆகவே தீவு எதிர்ப்பக்கம் இருக்க வேண்டும் என்று நைநோவா கணக்குப் போட்டார். அப்போதுதான் மாவ் முதன்முறையாகக் குறுக்கிட்டு, அந்தப் பறவை போகும் பக்கமே படகைத் திருப்பச் சொன்னார். ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் தீவு தெரிந்தது. எப்படி என்று பிறகு கேட்டதற்கு, பறவையின் அலகில் மீன் இருந்தது என்றாராம். அது குஞ்சு வளர்க்கும் காலம். தாய்ப் பறவை குஞ்சுக்கு இரை கொண்டு கூட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. விதியைப் படித்தவர் நைநோவா. அலகைப் பார்த்தவர் மாவ். இந்த வேறுபாட்டை எந்த நூலும் சொல்லித் தராது. கூடவே பயணம் செய்த ஆசிரியர்தான் தர முடியும்.

அதன் பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2007-இல் சத்தாவால் தீவில் மாவ் 'போ' சடங்கு நடத்தி, நைநோவா உள்ளிட்ட ஐந்து ஹவாயர்களை முழு மீகாமன்களாக ஏற்றுக்கொண்டார். அத்தீவில் ஐம்பது ஆண்டுகளுக்குமேல் நடக்காமல் இருந்த சடங்கு அது. சொந்த மகனும் அதில் மீகாமன் ஆனார். வெளியாருக்குக் கொடுத்ததால் அறிவு குறைந்து போகவில்லை. வீட்டுக்கும் திரும்பி வந்தது. 2010-இல் மாவ் மறைந்தார். 2014 முதல் 2017 வரை ஹோக்குலேயா உலகையே சுற்றி வந்தது. வழியில் நம் அண்டை நாடான இந்தோனேசியாவின் பாலித் தீவிலும் கரை தொட்டது.

ஹவாய் மொழியும் அதே காலத்தில்தான் எழுந்தது. 1896-இல் சட்டம் போட்டுப் பள்ளிகளில் ஆங்கிலத்தையே பயிற்று மொழியாக்கியதால் நலிந்த மொழி அது. 1978-இல் மாநில ஆட்சிமொழிகளில் ஒன்றானது. 1984-இல் ஹவாய் மொழியிலேயே நடக்கும் முதல் பாலர் பள்ளி தொடங்கியது. படகு ஒன்றே இதைச் செய்தது என்று சொல்லமாட்டேன். ஆனால் இழந்தது திரும்பும் என்று அம்மக்கள் கண்ணால் கண்டது அந்தப் படகில்தான்.

நம் கழகத்தின் வாசலில்

இப்போது நம் கதைக்கு வருவோம்.

சென்ற ஆண்டு நம் கழகத்தின் செயலவைக்குப் புதியவர்களைத் தேர்ந்தெடுக்கும் நேர்காணலில் நானும் உட்கார்ந்திருந்தேன். முதலாமாண்டு மாணவர் ஒருவர் வந்தார். பாலர் பள்ளி முதல் படிவம் ஆறு வரை தமிழ் வகுப்பே இல்லாத இடங்களில் படித்தவர். வீட்டில் பேசும் தமிழ் மட்டும் தெரியும். விண்ணப்பத்தில் பெயரைக்கூட மலாய் எழுத்தில்தான் எழுதியிருந்தார். நான் நம் பழைய ஆண்டிதழ் ஒன்றை எடுத்துக் கொடுத்து, ஒரு பத்தியை வாசிக்கச் சொன்னேன். அவரால் முடியவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "முதல்ல தமிழ் படிச்சிட்டு வாங்க தம்பி" என்றேன். "சரிங்க அண்ணா" என்று சொல்லிவிட்டுப் போனார். பிறகு நம் நிகழ்ச்சி எதிலும் அவரை நான் பார்க்கவில்லை.

தமிழ் படித்துவிட்டு வா என்றேனே, எங்கே போய்ப் படிப்பார்? நான் மட்டும் எப்படிப் படித்தேன்? தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்தேன். அதன்பின் தேசிய இடைநிலைப் பள்ளியில் தமிழ் கால அட்டவணைக்கு வெளியே இருந்தது. பள்ளி முடிந்த பிறகு, பசியோடு, நான்கைந்து பேருக்காக ஓர் ஆசிரியை நின்று நடத்திய வகுப்பில்தான் எஸ்.பி.எம். தமிழை எழுதினேன். அந்த ஆசிரியை அன்று, "நான்கு பேருக்கு வகுப்பா?" என்று சிரித்துவிட்டுப் போயிருந்தால் இந்தக் கட்டுரையை எழுத நான் இருந்திருக்கமாட்டேன். எனக்குக் கிடைத்த படகில் இன்னொருவனை ஏறவிடாமல் தடுத்தவன் நான்.

நண்பர்கள் சிலர் வாதிடுவார்கள்: "தமிழ் எழுதத் தெரியாதவரைச் செயலவையில் வைத்தால் கழகத்தின் தரம் என்னவாகும்?" நியாயமான கேள்விதான். இதற்கு மாவ் விடை சொல்லிவிட்டார். அவர் வாசலைத் தாழிடவில்லை. பாடத்தை மட்டும் தளர்த்தவில்லை. நாமோ தலைகீழாகச் செய்கிறோம். வாசலில் காவல் நிற்கிறோம். உள்ளே வந்தவர்களுக்குப் பாடமே கிடையாது. செயலவைக்குள் வந்தவர்களில் எத்தனை பேர் கூட்டக் குறிப்பைத் தமிழில் எழுதுகிறோம்? கணக்கறிக்கை எந்த மொழியில் இருக்கிறது? நம் புலனக் குழுவில் ஓடுவது எந்த எழுத்து? விழா இரவில் மட்டும் தமிழைப் பட்டு வேட்டி போல் எடுத்து உடுத்திக்கொண்டு, மறுநாள் மடித்து வைத்துவிடுகிறோம். ஹோக்குலேயாவில் விண்மீன் அறிவு விழாப் பொருளாக இருந்திருந்தால் அவர்கள் மத்தாய்வாவைக் கண்டிருக்கமாட்டார்கள். அன்றாடம் அது இல்லாமல் படகு நகராது என்ற நிலை இருந்ததால்தான் அது உயிர் பெற்றது.

ஆகவே மூன்று செயல்களை முன்வைக்கிறேன். ஒன்று, ஒவ்வோராண்டும் செயலவையில் சில இடங்களைத் தமிழ் வாசிக்கத் தெரியாத, ஆனால் கற்க விரும்பும் மாணவர்களுக்கென்றே ஒதுக்குவோம். இரண்டு, அப்படி வரும் ஒவ்வொருவருக்கும் ஒரு மூத்த மாணவர் பொறுப்பேற்று, வாரம் ஒரு மணி நேரம் எழுத்துக் கற்றுக்கொடுக்கட்டும். மூன்று, கழகத்தின் அன்றாட வேலை முழுவதையும் தமிழிலேயே நடத்துவோம். தப்பும் தவறுமாக இருந்தாலும் சரி. கயிற்றைப் பிடித்தால்தான் கைக்குப் பழகும். முன்னாள் மாணவர்களாகிய நீங்கள் விழாவுக்கு நன்கொடை தருகிறீர்கள், நன்றி. ஆண்டுக்கு இரண்டு மாலைப்பொழுதையும் தாருங்கள். பறவையின் அலகைப் பார்க்கச் சொல்லித் தர நீங்கள் வேண்டும்.

இக்கட்டுரையை ஆசிரியர் குழுவிடம் கொடுப்பதற்கு முந்திய நாள் அந்த மாணவரைக் கைப்பேசியில் அழைத்தேன். நேர்காணலில் சிரித்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். வாரந்தோறும் புதன்கிழமை மாலை ஐந்து மணிக்கு நூலகத்தில் உட்காரலாமா என்று கேட்டேன். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "எனக்கு அ, ஆவே முழுசா தெரியாதே அண்ணா, பரவாயில்லையா?" என்றார்.

பரவாயில்லை தம்பி. அதற்குத்தானே கழகம்!